நான்காவது பெட்டி

எங்களிடம் நான்கு ஐஸ் பெட்டிகள்.
மூன்று வாடகைக்கு.
நான்காவது இரையும், யாரும் விரும்பிக் கேட்பதில்லை,
அதனால் அது என்னுடையது.

பென்னாகரம் ரோட்டில்
‘தீர்த்தகிரி ஃப்ரீசர் பாக்ஸ், சாமியானா, சேர்’
என்று எழுதிய ஷட்டருக்குப் பின்னால் என் ஸ்டூடியோ.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
மைக்கைச் சுற்ற அண்ணன் கொடுத்த வெள்ளைத் துணி
எதற்காக வாங்கியது என்று நான் கேட்கவில்லை.

கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் ஒரு ‘ம்’.
அதன்மேல் சின்தசைசரை வைத்தேன்.
அதன்மேல்
தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளின் பிரேக்கை.
எல்லாவற்றுக்கும் பிறகு, பயந்து பயந்து, குரலை.
கரண்ட் குறைந்தால் சுருதி தளரும்.
தளரட்டும் என்று விட்ட இடத்தில்தான்
முதல் பாட்டு கிடைத்தது.

ஈமம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.
பெங்களூரில் மேடைக்கு அழைத்தவன்
‘ஈமு’ என்றான்.
கோழி என்று நினைத்தவர்களும் கைதட்டினார்கள்.
கறுப்பு உதட்டுச்சாயம் கலையாமல்
விடியற்காலை ஓசூரில் பஸ் மாறும்போது
கண்டக்டர் கேட்டார்,
“எந்த ஊர்லம்மா கூத்து?”

போன வருஷம் பாட்டில் வந்தது
அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
ஒரு சாவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
அண்ணன் இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மே மாத வெயிலில்
மூன்றும் வெளியே போய்விட்டால்
நான்காவதையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.
அன்றைக்கு எனக்கு ரெக்கார்டிங் இல்லை.
அப்படி ஒருமுறை இண்டூருக்குப் போனது.

ஏழு மாதம் கழித்து ஒரு பையன் எழுதினான்:
“அக்கா, மூணாவது பாட்டுல அடியில ஓடுதே,
அது எங்க வீட்ல ஓடுச்சு.
விடியிற வரைக்கும் பக்கத்துல நான்தான் இருந்தேன்.
எல்லாரும் அழுதாங்க.
எங்கப்பா பக்கமிருந்து வந்த சத்தம்
அது மட்டும்தான்.”

என்ன பதில் எழுத?
எழுதி அழித்தேன், எழுதி அழித்தேன்.
பிறகு அந்தப் பாட்டைத் திறந்து
கடைசி இரண்டு நிமிஷத்திலிருந்து
என் குரலை எடுத்துவிட்டு
அனுப்பினேன்.

நேற்று மெக்கானிக் வந்திருந்தார்.
“நாலு போல்ட்டு லூஸு.
இறுக்கினா இரைச்சல் போயிடும்.
இதையும் வாடகைக்கு விடலாமே?”

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.
“வாங்க, மொதல்ல டீ சாப்பிடலாம்” என்று
அவர் தோளில் கைபோட்டுக்
கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஸ்பேனர் இன்னும்
பெட்டி மேல்தான் கிடக்கிறது,
மெல்ல அதிர்ந்தபடி.