பச்சைப் பொய்

முருகன்குறிச்சி, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
திரையில் தாமிரபரணி.
வெள்ளம் ஏறினால் முங்கும் ஊர் சிவப்பு,
ஏறி நிற்கத் தோதான மேடு பச்சை.
மூன்று வாரம் தீட்டினேன்.
அழகாக இருக்கிறது என்று
கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

பிரதி வாங்க வந்தவர் பிரம்மநாயகம்,
மீட்பு ஜீப் ஓட்டுகிறவர்.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்,
மாட்டினார்,
மறுபடி துடைத்தார்.
"எல்லாம் ஒண்ணுபோல பழம்புளி நெறத்துல கெடக்கே, தாயி.
இதுல எங்கன கொண்டுபோயி ஆள எறக்க?"

சீவலப்பேரியைக் காட்டச் சொன்னேன்.
விரல் சரியாகத்தான் போனது,
ஊர் அவருக்குத் தெரியும்.
நிறத்தைக் கேட்டேன்.
கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது.

சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பாராம்,
கீழே எரிந்தால் போவாராம்.
தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாராம்.
வேலைக்குச் சேரும்போது
புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களை
முன்னால் போனவனிடம் கேட்டு
வரிசையாக மனப்பாடம் பண்ணினாராம்.
"இப்பவும் சொல்லுவேன், கேக்கியளா?"
இருட்டில் ஒற்றை விளக்கு மட்டும் தெரிந்தால்
என்ன செய்வீர்கள் என்று வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
"யார்ட்டயும் சொல்லிராதிய."

ராத்திரி
சிவப்பின் மேல் சாய்கோடு இழுத்தேன்,
சாரல் அடிப்பதுபோல நெருக்கமாக.
பச்சையை எடுத்துவிட்டு வெளிர்நீலம்,
அதன்மேல் ஒரு கோடும் இல்லை.
ஊர்ப்பெயரை ஒட்டியே எழுதினேன்:
முங்கும்.
முங்காது.

கீழே இறங்கி ஒரு ஜெராக்ஸ் போட்டுப் பார்த்தேன்.
கோடெல்லாம் சாம்பலில் கரைந்திருந்தது.
கடைப் பையன் அந்தோணி டோனரைக் குலுக்கினான்,
"மெஷின் நல்லாத்தான் இருக்குக்கா."
மேலே ஏறிக் கோட்டைத் தடித்தேன்.
இறங்கினேன்.
ஏறினேன்.
நாலாவது தாளில்
கறுப்பு வெள்ளையிலேயே ஊர் முங்கியது.

ஏன் மாற்றினீர்கள் என்றார் பொறியாளர்,
முன்னாடி கண்ணைப் பறித்ததே.
கலர் பிரிண்டுக்குச் செலவு அதிகம் சார்,
இது ஜெராக்ஸிலும் தெரியும் என்றேன்.
ஒரு பச்சைப் பொய்.

பின்வரிசையில் பிரம்மநாயகம்
தாளை நான்காக மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.
நிமிரவில்லை.
அந்தப் பச்சை மட்டும்
அவருக்குத் தெரிந்திருக்கும்.