நான்கெல்லை

மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று.
கொழும்பில் இரண்டு இரவு.
பிலோமினாவுக்குக் கண் வைத்தியரிடம் வேலை,
எனக்கு ஒன்றுமில்லை.
"இந்தமுறை லொட்ஜ் வேணாம்" என்றுவிட்டாள்.
"மூட்டைப்பூச்சிக்கு நான் கட்டின வாடகை போதும்.
வடிவான இடமாப் பாரு."

போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துப்
பார்க்கத் தொடங்கினோம்.

முதலாவது கொள்ளுப்பிட்டியில்.
பூசாத சீமெந்துச் சுவர்,
கூரையோடு ஓடும் குழாய்கள் எல்லாம் வெளியே,
ஒற்றைக் கதிரை, அதுவும் இருப்பதற்கல்ல.
பிலோமினா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.
"எங்கட வீடும் பதினாலு வருசம் இப்பிடித்தான் கிடந்தது,
ஒருத்தரும் காசு தந்து வந்து படுக்கல்லயே."

அடுத்தது கோட்டையில்.
விளக்கெல்லாம் மீன்பறிக்குள்.
கட்டிலுக்கும் குளிக்கும் இடத்துக்கும் நடுவில்
சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி.
"நாம ரெண்டு பேரும்தானே" என்றேன்.
"அதுதான் வேணாங்கிறன்."
அவளுக்கு வலக்கண்ணில் புரை.
எந்த அறையைக் காட்டினாலும்
மெல்லிய தூறலுக்குள் நிற்கிறதாம்.

மூன்றாவது கறுவாத்தோட்டத்தில்.
பழைய வீடு, பதினொரு அறை,
சிவப்புச் சீமெந்துத் தரை,
படிக்கட்டு திரும்பும் இடத்தில்
ஒரு வட்ட யன்னல்.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.
"என்ன, பேச்சைக் காணல்ல?"

எண்பத்தெட்டில் அந்த யன்னலுக்குப் பின்னால்
நொத்தாரிசு அமரதுங்கவின் கந்தோர்.
நான் தட்டெழுத்து.
முன்படி கட்சிக்காரருக்கு,
எங்களுக்குக் குசினிப்பக்க இரும்புப்படி.
மூன்று வருசத்தில் ஒரு நாளும்
அந்த வட்டத்துக்குள்ளால் தெருவைப் பார்த்ததில்லை.
மூன்று பிரதி, இரண்டு காபன் தாள்,
ஊரார் காணியெல்லாம்
என் விரலுக்குள்ளால்தான் கைமாறிப் போனது.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே வேலி,
தெற்கே இன்னாரின் வளவு, மேற்கே கான்.
எனக்கென்று இருந்தது
வெள்ளவத்தையில் நாலு பேரோடு ஒரு அறை,
அதில் யன்னல் பக்கக் கட்டிலும் இல்லை.

படத்தில் அந்தத் திருப்பத்தில்
ஒரு தட்டெழுத்து இயந்திரம் வைத்திருக்கிறார்கள்.
அதன் வாயில் தாளில்லை, பன்னச் செடி.
என்னுடையதுதானா?
"ர" எப்போதும் அரை வரி மேலே போய் விழும் அதற்கு.
விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன்.
எழுத்து வரவில்லை,
சதுரம் சதுரமாய் உடைந்து போனது.

"எவ்வளவு?" என்றாள்.
ஓரிரவுக்கு இருபத்துமூவாயிரம்.
அப்போது நான் வாங்கினது மாதம் ஆயிரத்து நூற்றைம்பது.
ஒரு இரவு படுக்க
இருபது மாதம் தட்டியிருக்கவேண்டும்.
இதைச் சொன்னால் வேண்டாமென்பாள்.
சொல்லவில்லை.
"காலையில இடியப்பம் தருவாங்களா?" என்றாள்.
தருவார்கள், வாழையிலை வெட்டி வட்டமாய் வைத்து.
"அப்ப சரி. படி கூடவா?"
பதினெட்டு.
எண்ணாமலே வாய் சொல்லிவிட்டது,
அது இரும்புப்படியின் கணக்கு.

கீழே பச்சைப் பொத்தானில் கேட்கிறது:
உறுதி செய்யவா?
எத்தனை உறுதி அடித்தேன் அந்த வீட்டில்,
ஒன்றிலும் என் பெயர் கிடையாது,
ஓரத்தில் சாட்சியாகக்கூட.

வடக்கே குளிரூட்டி,
கிழக்கே வட்ட யன்னல்,
தெற்கே பிலோமினாவின் குறட்டை,
மேற்கே கடல், காற்றிருந்தால்.
இந்நான்கெல்லைக்குள் அடங்கிய சகலதும்
இரண்டு இரவுக்கு.
அமத்தினேன்.

விசேட வேண்டுகோள் ஏதும் உண்டா என்று
ஒரு வெற்றுப் பெட்டி விரிந்தது.
"படித் திருப்பத்தில் உள்ள மெசினுக்குச்
செடிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டாம், துருப்பிடிக்கும்"
என்று அடித்தேன்.
அழித்துவிட்டு,
"தனித்தனிக் கட்டில் இரண்டு" என்று போட்டேன்.