படர்க்கை ஒருமை

உவர்மலை ஏற்றத்தில் ஆட்டோக்காரர் கேட்டார்,
"இந்தியாவோ?"
அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்:
என் கண் மையை, காதின் சிறு சிவப்புக் கல்லை,
மடியில் சேர்த்து வைத்திருந்த கைகளை.
பிறகு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

நாகப்பட்டினத்தில் நின்றாலும் இதே கடல்தான்.
ஆனாலும் விமானத்தில் வந்து,
விசாப் படிவத்தில் 'ஆண்' என்ற கட்டத்தில் குறியிட்டு,
இங்கே ஆங்கிலம் சொல்லித்தருகிறேன்
ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில்.
மின்விசிறி இரண்டு, மாணவர் பத்தொன்பது.

முதல் வாரம் பிரதிப்பெயர்கள்.
"ஹீக்கும் இஸ், ஷீக்கும் இஸ்,
இங்கே வினைச்சொல் பால் பார்ப்பதில்லை" என்றேன்.
"அப்ப லேசு, சேர்" என்றான் நிலக்ஷன்.
தமிழ் அவ்வளவு லேசில்லை.
தன்மையில் தப்பித்துவிடுவேன்:
வந்தேன், தின்றேன், தூங்கினேன்.
படர்க்கையில்தான் பிடிபடுவேன்.

கடைசி வாங்கிலிருந்து ஹஸ்மினா கை உயர்த்தினாள்.
"சேர் எண்டு கூப்பிடுறதா, மிஸ் எண்டு கூப்பிடுறதா?"
பதினெட்டுப் பேர் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை,
எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.
"சேர் போதும்" என்றேன்.
போதாது என்று
படி இறங்கும்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் மாதம் பணிப்பாளர் தேநீர் வரவழைத்தார்.
"நல்லாத்தான் படிப்பிக்கிறியள், தம்பி.
ஆனா அந்த நகம்...
தாய் தகப்பன்மார் கதைக்கினம்."
என் ஊரில் கதை விட்டால் பொய்.
இங்கே கதைத்தால் வெறும் பேச்சு.
எது பரவாயில்லை என்று யோசித்தபடி
இஞ்சித் தேநீரை அடி மண்டிவரை குடித்தேன்.
அறைக்கு வந்து, கத்தரிப்பூ நிறத்தை
பஞ்சில் மருந்து நனைத்துத் துடைத்தேன்.
இடது சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கீற்று
போகவில்லை.
நானும் வற்புறுத்தவில்லை.

செவ்வாய் இரவுகளில் அச்சுதன் வருவான்,
துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவன்,
கைப்பிடியில் இன்னொரு ஹெல்மெட் தொங்க.
இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில்
எங்களுக்கென்று ஓர் எண் உண்டு, வாலில் ஓர் எழுத்தும்.
ஹெல்மெட்டுக்குள் எண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது.
நிலாவெளி வரைக்கும் போவோம்.
வழிமறித்த பொலிஸ்காரரிடம் நான் அவனுக்கு மச்சான்.
அப்பால், சவுக்கு மரங்களின் இருட்டில்,
வேறொரு பெயர்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஞாயிறு காலை, டச்சுக் குடாவின் ஓரம்
தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.
கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான் ஒன்று
நிலக்ஷனின் முப்பத்தொரு மார்க்கை இழுத்து
நிதானமாக மென்றது.
கொம்பில்லை, பிணை என்று நினைத்தேன்.
கடலை விற்கிறவர் திருத்தினார்:
"கிடா. கொம்பு விழுந்திட்டுது. விழும், முளைக்கும்."
அவ்வளவுதான் சொன்னார், சுருளைச் சுற்றப் போய்விட்டார்.
மான் அடுத்த தாளுக்கு வந்தது.
நிலக்ஷனுக்கு ஐம்பது போட்டேன்.
நிரூபிக்க யாரிடமும் ஒன்றுமில்லை.

பிறகு டெங்கு. பன்னிரண்டு நாள்.
அச்சுதன் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்து
வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான்,
பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்ததால்.
அது எனக்குக் கோபம். இன்னும் தீரவில்லை.

பதின்மூன்றாம் நாள், பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றேன்.
மேலே மருந்துக்கடைப் பையனின் குரல்:
"எங்க உங்கட சேர்?
அவரோ, அவவோ, என்னவோ."
ஹஸ்மினாவின் குரல், எரிச்சலோடு,
வேறு ஏதோ வேலையின் நடுவில்:
"அவங்களுக்குக் காய்ச்சல். இண்டைக்கு வருவாங்க."

அவங்க.
என் வாயிலிருந்து எடுத்தாளா,
அவள் வீட்டிலும் அதே சொல்தானா, தெரியாது.
கேட்கவும் மாட்டேன்.
கைப்பிடியைப் பிடித்து ஏறினேன்.
கரும்பலகையில் என் பழைய தேதி அப்படியே இருந்தது.
அதன் கீழ்
யாரோ
ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.