அரை மாத்திரை

ஆசாரிப்பள்ளத்தில் சீட்டு எழுதுகிறவர்
என்ன நோய் என்று கேட்டார்.
கை கழுவுகிறாள் என்றேன்.
வரிசையில் பின்னால் நின்ற ஆள் சிரித்தார்.
நான் என் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

என் கையில் ஷீட் மணக்கும்.
பொன்மனையில் இருபது வருஷமாய்
ரப்பர் பாலுக்கு ஆசிட் விட்டு, உறைந்ததை மிதித்து,
உருளையில் கொடுத்து, புகைப்புரையில் தொங்கவிடுகிற கை.
எலுமிச்சை தேய்த்தாலும் போகாது.
அந்தக் கை பட்ட தம்ளர், அந்தக் கை பட்ட தாழ்ப்பாள்
ஜெபிஷாவுக்கு இப்போது ஆகாது.
ஒன்பதாம் வகுப்பு. வாரம் ஏழு சோப்பு.
விரலிடுக்கில் தோல் வெடித்து
கணக்கு நோட்டில் ரத்தப் பொட்டு.
ராத்திரி பரமண்டல ஜெபத்தில் ஒரு சொல் பிசகினால்
முதலிலிருந்து. மறுபடி முதலிலிருந்து.
பக்தி என்று நினைத்து ஒரு மாசம் சந்தோஷப்பட்டேன்.
அதைத்தான் எனக்கு மன்னிக்க முடியவில்லை.

ஷார்ஜாவிலிருந்து அவர் வீடியோவில் வந்தார்.
"பைத்தியத்துக்கு உள்ள மருந்தா? எளா, உனக்கு புத்தி உண்டா?
நாளைக்கு ஒருத்தன் பெண்ணு கேட்டு வருவானா?"
அவருக்குப் பின்னால் அடுக்குக் கட்டில், காயப்போட்ட பனியன்.
அவருக்குச் சர்க்கரைக்கு ரெண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று.
போகிற வருகிற ஆளிடம் நான்தான் கொடுத்தனுப்புகிறேன்.
இதைச் சொல்லவில்லை.
நெட் கிடைக்கவில்லை என்று வைத்துவிட்டேன்.

டாக்டர் சின்னப் பெண். மழை, செருப்பில் சேறு.
முதலில் என்னிடம் பேசவில்லை, அவளிடம் பேசினார்.
கழுவாவிட்டால் என்ன நடக்கும்?
"அம்மா செத்துப்போவாங்க"
என்றாள் என் மகள், தரையைப் பார்த்து.

அருவருக்கிறாள் என்றல்லவா
இரண்டு வருஷமாய் நினைத்திருந்தேன்.
வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.
இன்னொரு டீ குடித்தேன்.

கேட்க வேண்டியதைக் கரண்டு பில்லின் பின்பக்கம் எழுதியிருந்தேன்.
பழகிப்போகுமா. தூங்கிக்கொண்டே கிடப்பாளா.
பிள்ளை பெறுவதற்குக் கேடா.
இவள் இவளாகவே இருப்பாளா.
கடைசியைப் படித்தபோது டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.
மருந்து மட்டும் போதாது, வாராவாரம் வரணும்,
தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருந்து பழகணும்,
பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம்,
முதல் நாட்களில் வெப்ராளம் கூடினாலோ
வேண்டாத நினைப்பு வந்தாலோ உடனே கொண்டு வாங்க,
ராத்திரி ஆனாலும்.
"உறுதியா சொல்ல முடியாததும் ஒண்ணு ரெண்டு இருக்கு" என்றார்.
எனக்கு அந்த வாக்கியம்தான் பிடித்தது.
முந்திப் போன இடத்திலெல்லாம் உறுதியாய்ச் சொல்லியிருந்தார்கள்,
எண்ணெய் பூசி ஜெபித்தவரும்,
ரெண்டு அடி போட்டால் தீரும் என்ற என் அண்ணனும்.

ஆசிட் கூடினால் ஷீட் விறைத்துப்போகும்.
குறைந்தால் பால் பாலாகவே கிடக்கும்.
எத்தனையோ கெடுத்துத்தான் எனக்குக் கை படிந்தது.
மகளிடம் அப்படிப் படிக்க முடியுமா?

ஆகவே அரை மாத்திரை.
நான் தொடக்கூடாது. அவளே கத்தியைக் கழுவி
அவளே வெட்டி, மீதியைக் காகிதத்தில் மடிக்கிறாள்.
சரிபாதி வருவதில்லை; ஒருநாள் பொடி கொஞ்சம் உதிரும்.
விழுங்குமுன் ஏழு முறை கழுவுகிறாள்,
மாத்திரை கழுவுவதற்குத்தான் என்றாலும்.

பதினேழாம் நாள். பெரிதாய் ஒன்றுமில்லை.
இரண்டு நாள் வயிற்றைப் பிரட்டியது.
ஒருதடவை "சும்மா இரும்மா" என்று சீறினாள்;
அது மருந்தா, அவளா, தெரியவில்லை.
பதினாலு வயசுதானே, அதுவாகவும் இருக்கலாம்.

இன்று சாயங்காலம் புகைப்புரையில் நிற்கும்போது
குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது.
தொட்டியில் தண்ணீர் தீர்ந்ததோ,
அவள்தான் நிறுத்தினாளோ.
போய்ப் பார்க்கலாம். பத்தடிதான்.
நான் அடுத்த ஷீட்டை எடுத்துக்
கம்பில் போட்டேன்.