பொதி வந்திருப்பதாக ஒரு மின்னஞ்சல்

பொதி வந்திருக்கிறதாம்.
நான்தான் திறந்தேன்.
கதவு உடைபடவில்லை, நாய் குரைக்கவில்லை,
என் விரலே தாழ் நீக்கியது.

மூன்று நாளாய் உள்விசிறி மட்டும்
காய்ச்சல்காரன்போல் மூச்சு வாங்கியது.

வூப்பர்டாலில் ஞாயிறு. கடைகள் பூட்டு.
யன்னலுக்கு வெளியே தொங்குரயில் போய்வர
இணைய வயரைப் பிடுங்கினேன்.
யூஎஸ்பியிலிருந்து உயிர்ப்பித்து அலசியதில்
பதினேழு கோப்புகள்.
ஒன்றின் பெயர் ‘புதுப்பிப்பு’.
நல்ல பிள்ளை!
அழித்தேன்.
வேறு கணினியில் கடவுச்சொற்களை மாற்றினேன்,
வங்கியிலிருந்து தொடங்கி.

அப்போது தொலைபேசி.
ஒன்பது வருடம் பேசாத கோணேஸ்வரி:
“நீயோ எழுதினனி?”

என் பெயரில் எல்லோருக்கும் எழுதியிருக்கிறது,
நான் எழுதாதவர்களுக்கும்.

“திறக்காதை.”
“திறந்திட்டன்.”

கொஞ்சநேரம் இரண்டு பக்கமும் விசிறிச் சத்தம்.

“வயரைக் கழற்று. வாறன்.”
ஹாகனுக்கு நாலு பத்துக்கு ரயில்.
யூஎஸ்பி சட்டைப்பையில்.