வெற்று ஒலி

பேட்டி முடிந்ததும்
இஸ்மத் கையைத் தூக்குவான்:
'ஒரு நிமிசம். யாரும் பேசாதீங்க.'
பேச்சில்லாத ஒலி வேண்டும் அவனுக்கு,
வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட.

மாரமங்கலத்துக்கு மேலே
மிளகு பறிக்க ஏறி
சில்வர் ஓக்கிலிருந்து விழுந்தவரின் வீட்டிலும்
தூக்கினான்.
சடைச்சி எழுந்து நின்றார்.
முந்தானையை இழுத்துச் செருகித்
தலை குனிந்தார்.
நாங்களும் எழவேண்டியதாயிற்று:
நான், இஸ்மத்,
ட்ரைபாடைப் பிடித்தபடி பூவேந்திரன்.
கம்பெனி மொத்தமும் அவ்வளவுதான்.
இஸ்மத் முறைத்தும் அடங்காமல்
வெளியே ஒரு கோழி.

நிமிடம் முடிந்ததும் சொன்னார்:
'எஸ்டேட்டுல இருந்து வந்தவங்க
இதக்கூடச் செய்யல.'

யாரும் திருத்தவில்லை.
ஜீப்பில் இறங்கும்போது
இருபது வளைவுக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மேனேஜர் எங்களுக்கு நிமிடம் தரவில்லை.
'அடுத்த மீட்டிங்' என்று
ஃபேனைப் போட்டுவிட்டார்.

ஐந்து ரோட்டில், பேட்டரிக் கடைக்கு மேலே
கரண்ட் போய்ப் போய் வந்த இரவில் வெட்டினேன்.
இருபத்தாறு நிமிடம் இருந்தது,
சேனல் கேட்டது இருபத்திரண்டு.
சடைச்சி எழுந்து நின்றது போயிற்று.
மேனேஜரின் இருமலையும்
பதினோரு 'அதாவது'களையும் எடுத்தபின்
பேச்சு முழுக்கப் பள்ளம்.
நிரப்ப என்னிடம் இருந்தது
அந்த ஒரு நிமிடம்தான்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஒளிபரப்பு.
பணம் தொண்ணூறு நாள் கழித்து.
வியாழக்கிழமை சேனலிலிருந்து போன்:
'தொழிலாளர் பாதுகாப்புன்னு சொல்லிட்டு
அவர் நிறுத்துற எடத்துல
கோழி கத்துது சார்.
எடுக்க முடியாதா?'

முடியாது என்றேன்.

முடியும்.