முப்பத்தெட்டுப் பேருக்கு இடம்

வசதியெல்லாம் எப்படீங்க என்று
திருப்பூரிலிருந்து கேட்டார் கணக்கர் சண்முகசுந்தரம்.
அவர் பின்னால் ஓவர்லாக் இரைச்சல்.
சத்தமாகச் சொன்னேன்:

கடம்பூர் தாண்டி ஆறு கிலோமீட்டர்.
பஸ் நிற்கிற இடத்திலிருந்து இட்டேரியில் நடக்கணும்.
கக்கூஸ் ரெண்டு.
ஒன்றுக்குத் தாழ்ப்பாள் உண்டு,
இன்னொன்றுக்கு உள்ளே போனவர் பாடிக்கொண்டிருக்கணும்.
மோட்டார், மும்முனைக் கரண்டு வந்தால் ஓடும்.
வருவது ராத்திரி ரெண்டு மணிக்கு.
விறகுக்குக் காசில்லை,
ஈர விறகுக்கும் காசில்லை.
நாற்பது பேருக்கு ஆக்குகிற போசி இருக்கிறது.
போன் பேசணுமென்றால் கிழக்கே ஒரு பாறை,
அதன் மேல் ஏறி வடக்கே பார்த்து நிற்கணும்.
எட்டுப் பேர் படுக்கிற டென்ட் நாலு,
மிச்சப்பேர் தகரக் கொட்டகையில்.

டென்ட் ஒழுகுமுங்களா?

புதுசுங்க, என்றேன்.

இந்த மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போட்டோம்.
யானை ஒரே ராத்திரியில் அறுவடையை முடித்துக்கொண்டு
கூலிகூடக் கேட்காமல் போனது.
மறு வருசம் குச்சிக்கிழங்கு;
பன்றிகள் குடும்பத்தோடு வந்தன.
அப்புறம்தான் மனுசரை இறக்கிப் பார்ப்போம் என்று
கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி
டென்ட் வாங்கினது.

ஆயுத பூசைக்கு மறுநாள் வந்தார்கள்.
கம்பெனியில் மிசின்களுக்குப் பொட்டு வைத்து
துணி போர்த்திவிட்டு, அதுகளுக்கும் லீவு.
ஒரு கோணி பொரி, சுண்டல்,
யாரோ கொண்டுவந்த ஸ்பீக்கர்.
ஒரிசாக்காரப் பெண் மினதி
செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் ஏறினாள்.
அவள் இறங்குகிறவரை கீழே ஏழு பேர் வரிசை.

ராத்திரி மழை.
கொட்டகைக்குப் பக்கத்து ரூமில்
கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்,
யாராவது கத்துவார்கள் என்று.
போர்வை இழுபடும் சத்தம், ஒரு சிரிப்பு,
தட்டத்தில் சொட்டு விழும் சத்தம்.
கூப்பிடவே இல்லை ஒருத்தரும்.

விடிந்து போனால்
டென்டை உள்வெளியாகத் திருப்பிப் பாறையில் விரித்து
சுற்றிலும் பெண்கள்.
கலாமணி மூட்டுத் தையல்மேல் நகத்தை ஓட்டினாள்:
"ஒத்தத் தையலுங்க.
இஞ்சுக்கு எட்டு வரணும், நாலு போட்டு ஏமாத்தியிருக்கான்.
எங்க செக்கிங்ல இது நிக்காது."

பையில் ஊசி இருந்தது அவர்களிடம்.
சுற்றுலாவுக்கும் ஊசியோடு வருகிறவர்கள்.
மடித்து, இரட்டையாகத் தைத்து,
தையல்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்தார்கள்.
ரெஸ்ட் எடுக்க வந்தீங்களே என்று
சண்முகசுந்தரம் சுற்றிச் சுற்றி வந்தார்.
"உக்காந்துதானுங்களே இருக்கோம்."

அன்றைக்கு ஆம்பளைகள் சமையல்.
அரிசிம்பருப்பு, அடியில் கரி, மேலே அரிசி.
நானும் ஒரு வட்டல் சாப்பிட்டேன்.

மத்தியானத்துக்குள் மூன்று டென்ட் முடிந்தது.
நாலாவதுக்கு நூல் பத்தவில்லை.

கிளம்பும்போது அட்வான்சில்
நூற்றெண்பது ரூபாய் பிடித்துக்கொண்டேன்.
கடகால் ஒன்று விரிந்திருந்தது.
அவர் நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.
தையற்கூலி என்று கீழே ஒரு வரி எழுதுவார் என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எழுதவில்லை. நானும் சொல்லவில்லை.
வண்டி வளைவு திரும்பின பிறகு
அந்த விரிசல் போன மாசத்தது என்று ஞாபகம் வந்தது.
முன்னாலேயே வந்திருந்ததோ என்னவோ.

நேற்று கோபியிலிருந்து ஒரு காலேஜ்.
கக்கூஸ், கரண்டு, பாறை
எல்லாம் சொல்லி முடித்தேன்.

டென்ட் ஒழுகுமுங்களா?

"மூணு ஒழுகாதுங்க.
நாலாவதுல வாத்தியாருங்களைப் படுக்க வெச்சுருங்க."